பாசிசம் என்ற சொல்லை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது?

கேள்வி: குறிஞ்சிப்பாடி வாசகர்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தின் சென்ற கூட்டம் முழுவதும் ஒரு துண்டறிக்கையைப் பற்றிய விவாதத்திலேயே கழிந்தது. சாலையோரக் கடைகளை முன்னறிவிப்பின்றி அகற்றிய உள்ளாட்சி நிர்வாகத்தைக் கண்டித்து எங்களில் ஒருவர் எழுதியிருந்த அந்த அறிக்கை, "நிர்வாகத்தின் பாசிச வெறியாட்டம்" என்று தொடங்கியது. பாசிசம் 1945இல் முசோலினியோடு செத்துப்போன ஓர் இத்தாலிய இயக்கம், அதன் பிறகு எவரையும் அப்படி அழைப்பது வெறும் வசை என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அறிக்கையை எழுதியவரோ, அதிகாரம் எங்கெல்லாம் எளியோரை மிதிக்கிறதோ அங்கெல்லாம் பாசிசம் இருக்கிறது என்பதில் உறுதியாக நின்றார்.

மேடைகளில் இச்சொல் படும் பாடு நமக்குத் தெரிந்ததே. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் விஜய், "அவங்க பாசிசம்னா நீங்க என்ன பாயாசமா?" என்று கேட்ட பிறகு, யாராவது இந்தச் சொல்லை எடுத்தாலே பாயாசம் என்று எதிர்ப்பாட்டுப் பாடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கானோரின் உயிரோடு தொடர்புடையதாக இருந்த சொல் இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. மூத்தவரின் குறுகிய பொருளுக்கும் இளையவரின் எல்லையற்ற பொருளுக்கும் இடையில், வரலாறு படித்தவர்கள் ஏற்கக்கூடிய வரையறை ஏதேனும் இருக்கிறதா? இருந்தால், அதை இன்றைய அரசியலுக்குப் பொருத்துவது எப்படி?

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

மூத்த உறுப்பினர் சொல்வதில் பாதி உண்மை. 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரின் சான் செப்போல்க்ரோ சதுக்கத்தில் முசோலினி கூட்டிய கூட்டத்தில்தான் அந்த இயக்கம் பிறந்தது. பெயரைத் தோண்டிப் பார்ப்பதில் பயன் அதிகமில்லை. 'ஃபாஷோ' என்றால் அன்றைய இத்தாலிய அரசியலில் சங்கம், அணி என்பதுதான் பொருள். 1890களில் சிசிலியில் நிலவுடைமையாளர்களை எதிர்த்துக் கிளர்ந்த உழவர் சங்கங்களே அப்பெயரைத் தாங்கியிருந்தன.

எந்த வரையறையை யார் கொண்டுவந்தாலும் நான் அதற்கு வைக்கும் சோதனை ஒன்றுதான். 1922 நவம்பரில் இத்தாலியில் வாழ்ந்த ஒருவர் கையில் அந்த வரையறை இருந்திருந்தால், தம் நாட்டில் நடந்தது வழக்கமான ஆட்சி மாற்றம் அன்று என்று அது அவருக்குச் சொல்லியிருக்குமா? அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முசோலினியின் ஆட்கள் ரோம் நோக்கி நடத்திய பேரணியைத் தடுக்க ராணுவச் சட்டம் பிறப்பிக்கும்படி பிரதமர் ஃபாக்தா கேட்டார்; அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்திட மறுத்தார்; முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் படுத்துக்கொண்டு வந்து அரசரின் அழைப்பின்பேரில் பிரதமரானார். 535 பேர் கொண்ட அவையில், முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவருடைய இயக்கம் வென்றிருந்த இடங்கள் 35 மட்டுமே. அமைச்சரவையில் பாசிஸ்டுகள் சிறுபான்மையினர். மற்றவர்கள் தாராளவாதிகளும் கத்தோலிக்க மக்கள் கட்சியினரும் தேசியவாதிகளும் ஆவர். "இந்தச் சாம்பல் நிற அவையை என் படையினரின் பாசறையாக்கியிருக்க என்னால் முடியும்" என்று நவம்பர் 16 அன்று அவர் அவையின் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகும் 306 பேர் ஆதரவாகவும் 116 பேர் எதிராகவும் வாக்களித்து அந்த அவை அவருக்கு நம்பிக்கை தெரிவித்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. நீதிமன்றங்கள் இயங்கின. தத்துவவாதி குரோச்சே போன்ற பெரியவர்களே, இந்த முரட்டுப் பையன்களைச் சட்டத்தின் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினார்கள்.

ஒரு கட்சி ஆட்சி, பத்திரிகைத் தணிக்கை, ரகசியப் போலீஸ் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் குறியிட்டுப் பார்ப்பவர், அந்த நாட்டைப் பாசிச நாடு என்று அறிவிக்க 1926 வரை காத்திருக்க நேரும். இடையில் 1923இன் அச்செர்போ சட்டம், 25 விழுக்காடு வாக்கைத் தாண்டி முதலிடம் பெறும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வாரிக் கொடுத்துவிட்டது. 1924 ஏப்ரல் தேர்தலின் முறைகேடுகளையும் அடிதடிகளையும் மே 30 அன்று அவையில் கூச்சலுக்கும் குறுக்கீட்டுக்கும் நடுவே அடுக்கிக்காட்டிய சோசலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி, ஜூன் 10 அன்று ரோமில் பட்டப்பகலில் காரில் கடத்தப்பட்டார். உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது. நடந்த அனைத்துக்கும் அரசியல் பொறுப்பு தமதே என்று 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவையிலேயே அறிவித்தார். எவரும் எதுவும் செய்ய இயலவில்லை. பட்டியல் முழுமை பெறும் நாளில் அதைப் படித்துக்காட்ட ஆள் இருப்பதில்லை.

ஆனால் அதிகாரத்துக்கு வருமுன்பே, 1920–22இல், போ ஆற்றுச் சமவெளியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கூலியை உயர்த்திவிட்டன என்ற ஆத்திரத்தில் பெருநிலவுடைமையாளர்கள் பணமும் லாரியும் கொடுக்க, முசோலினி இயக்கத்தின் கருஞ்சட்டைக் குழுக்கள் இரவில் ஊர் ஊராகச் சென்று தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்தின. (நம்மூரில் கருஞ்சட்டை என்றால் பெரியார் தொண்டர்கள் நினைவுக்கு வருவர். இழிவின் அடையாளமாக அவர்கள் அணிந்த கறுப்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) சங்கத் தலைவரைப் பிடித்து, லிட்டர் கணக்கில் விளக்கெண்ணெயை வாயில் ஊற்றி, அவர் தம் ஊர் மக்கள் முன்னாலேயே அசிங்கப்படும்படி செய்து விடுவார்கள், கொலையைவிட அது மலிவானது, பல நேரங்களில் கூடுதலாகப் பலனளித்தது. போலீஸ் வேடிக்கை பார்த்தது, சில இடங்களில் வண்டியும் கொடுத்தது.

எனவே நான் பார்ப்பது ஆட்சியின் முடிந்த வடிவத்தை அன்று, அது உருவாகும் விதத்தை. தேசம் அவமானப்பட்டுவிட்டது, உள்ளிருக்கும் துரோகிகளை ஒழித்தால் அது மறுபிறவி எடுக்கும் என்ற கதை ஒன்று வேண்டும். பாசிசத்தை ஆய்ந்த வரலாற்றறிஞர் ராஜர் கிரிஃபின் தம் வரையறையின் மையத்தில் வைப்பது இந்த மறுபிறப்புக் கதையைத்தான். அக்கதையை நம்பித் தெருவில் இறங்கும் மக்கள் திரள் கட்சி வேண்டும். சட்டத்துக்கு வெளியே அடிக்கும், ஆனால் தண்டிக்கப்படாத ஒரு படை வேண்டும். கடைசியாக, இடதுசாரிகளுக்கு அஞ்சி அக்கட்சிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடும் பழைய மேட்டுக்குடியும் வேண்டும். அமெரிக்க வரலாற்றறிஞர் ராபர்ட் பாக்ஸ்டன் இக்கடைசிக் கூறை மிகவும் வலியுறுத்துவார்: இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அவர்கள் ஆட்சியை அடித்துப் பிடிக்கவில்லை, பழமைவாதிகள் அழைத்து உட்கார வைத்தார்கள்.

இந்த அளவுகோலில் உங்கள் ஊர் நிர்வாகம் பாசிச நிர்வாகம் ஆகாது. அறிவிப்புக் கொடுக்காமல் பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்தது சட்டமீறல், ஏழைகளிடம் காட்டும் அலட்சியம், அவ்வளவே. அதே இயந்திரம் ஒரு மதத்தினரின் வீடுகளை மட்டும் தேடிப்போய், அதைச் சுற்றிக் கூட்டம் நின்று முழக்கமிடுமானால் கேள்வி வேறாகிவிடும்.

பதில்: நடுவூர் நம்பி

வாத்தியார் ஐயாவின் வரலாற்றோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த வரலாறு தெரிந்துதான் மக்கள் இச்சொல்லை வாயில் எடுக்கிறார்கள் என்று எண்ணுவது நூலகத்துக்குள் இருப்பவர்களின் நினைப்பு. ஹிட்லர் இன்னும் உயிரோடிருந்த 1944ஆம் ஆண்டிலேயே, இச்சொல் யார் யார்மீது வீசப்படக் கேட்டிருக்கிறேன் என்று ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு பட்டியல் தந்தார்: உழவர்கள், கடைக்காரர்கள், நரி வேட்டை, காந்தி, சோதிடம், பெண்கள், நாய்கள் என்று அது நீண்டது. பெரும்பாலோர் 'அடாவடிக்காரன்' என்ற பொருளில்தான் அதைச் சொல்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. எண்பது ஆண்டுகளில் எதுவும் முன்னேறிவிடவில்லை.

நம் நாட்டிலேயே பாருங்கள். நெருக்கடி நிலைக்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் ஒரே நேரத்தில் மற்றதைப் பாசிசம் என்றன. ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கம் பாசிசமானது என்றார் இந்திரா காந்தி; இந்திராவை ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியினரின் முன்முயற்சியில் 1975 டிசம்பரில் பாட்னாவில் பாசிச எதிர்ப்பு மாநாடே நடந்தது. எதிர்த்தரப்புக்கோ பத்திரிகைத் தணிக்கையும் சிறையும் நடத்திய இந்திராதான் பாசிஸ்ட். நெருக்கடி நிலைக்குச் சில மாதங்கள் முன், இன்றைய பாஜகவின் முன்னோடியான ஜனசங்கம் பாசிசக் கட்சி என்றால் நானும் பாசிஸ்ட்தான் என்று ஜெயப்பிரகாஷ் அக்கட்சியின் மாநாட்டிலேயே சொன்னார். அன்றைக்கு இச்சொல்லைக் கேட்ட ஒரு சாதாரண வாக்காளர் அதிலிருந்து எதைத் தெரிந்துகொண்டிருக்க முடியும்? யார் யாருக்கு எதிரி என்பதை மட்டுமே.

வசையாக இருந்துவிட்டுப் போகட்டும். வசைபாடும் உரிமையும் உரிமைதான். 2018இல் விமானத்தில் வந்த ஒரு மாணவி ஆளும் கட்சிக்கு எதிராக 'பாசிச' என்ற அடைமொழியோடு முழக்கமிட்டதற்காகத் தூத்துக்குடியில் கைது செய்யப்பட்டார். அவ்வழக்கை 2023இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால் ஆய்வு செய்கிறேன் என்று உட்காருபவர், பெரும்பான்மைவாதம், எதேச்சாதிகாரம், போலீஸ் அராஜகம் என்று குறிப்பான சொற்கள் கைவசம் இருக்கும்போது, உடைந்த அளவுகோலை ஏன் எடுக்க வேண்டும்? இச்சொல்லை 1919–45 ஐரோப்பாவுக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பதில்: செங்கொடியூரான்

நம்பி அவர்களே, சொல் உடைந்தது என்கிறீர்கள். யார் உடைத்தது, உடைந்ததால் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நான் சார்ந்த மரபுக்கு அதில் பெரும் பங்குண்டு என்பதால் அதை நானே சொல்கிறேன்.

1928க்குப் பிறகு, மாஸ்கோவிலிருந்து இயங்கிய உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலம், தேர்தல் வழியில் சீர்திருத்தம் நாடிய இடதுசாரிகளான சமூக ஜனநாயகக் கட்சியினரைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று அழைத்தது. தொழிலாளரை ஏமாற்றி முதலாளித்துவத்தைக் காப்பாற்றுவதால், அவர்களும் பாசிசத்தின் ஒரு கரமே என்பது வாதம். இது மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் கவலையில்லை. 1931 ஆகஸ்டில் ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சமூக ஜனநாயக அரசைக் கவிழ்க்க வலதுசாரிகளும் நாஜிகளும் கொண்டுவந்த பொதுவாக்கெடுப்பை, ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி 'சிவப்பு வாக்கெடுப்பு' என்று பெயர் மாற்றி ஆதரித்தது. 1932 நவம்பர் தேர்தலில் சமூக ஜனநாயகவாதிகள் 121 இடங்களும் கம்யூனிஸ்டுகள் 100 இடங்களும் பெற்றார்கள். நாஜிகளுக்குக் கிடைத்தவை 196. இரு கட்சிகளும் சேர்ந்திருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்கலாம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஏனெனில் சமூக ஜனநாயகத் தலைமையும் கம்யூனிஸ்டுகளை நம்பவில்லை. ஆனால் பக்கத்துத் தறியில் நிற்கும் தொழிலாளியையே பாசிஸ்ட் என்று அழைத்துப் பழகியவனுக்கு, உண்மையான பாசிஸ்ட் வாசலுக்கு வந்தபோது சொல்வதற்குத் தனிச் சொல் இல்லாமல் போயிற்று. 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்த மசோதாவுக்கு 444 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். சீருடையணிந்த நாஜிப் படையினர் சூழ்ந்து நின்ற அந்த மண்டபத்தில் எதிர்த்து விழுந்த 94 வாக்குகளும் 'சமூக பாசிஸ்டுகள்' என்று பட்டம் சூட்டப்பட்டவர்களுடையவை. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள்.

அதன் பிறகுதான், 1935இல் அகிலத்தின் ஏழாவது மாநாட்டில், அதன் தலைவர் டிமித்ரோவ் நம் தோழர்கள் பலரும் மனப்பாடமாகச் சொல்லும் வரையறையை முன்வைத்துப் பரந்த முன்னணிக்கு அழைத்தார்: நிதி மூலதனத்தின் மிகவும் பிற்போக்கான, மிகவும் வெறித்தனமான, மிகவும் ஏகாதிபத்தியத்தன்மை கொண்ட பகுதிகளின் பகிரங்கமான பயங்கரவாதச் சர்வாதிகாரம். யாருக்கு ஆதாயம் என்ற கேள்வியை அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதுவே அதன் வலிமை. யார் கூட்டத்துக்கு வருகிறார்கள், கடன்பட்ட கடைக்காரரும் வேலையற்ற பட்டதாரியும் எதைக் கண்டு மயங்குகிறார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அதற்கு 1923இல் ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கிளாரா ஜெட்கின் அளித்த அறிக்கையே மேல் என்பது என் எண்ணம். பாசிசம் முதலாளிகளின் பழிவாங்கல் அன்று, புரட்சியைத் தொடராமல் விட்ட தொழிலாளர் இயக்கத்துக்குக் கிடைத்த தண்டனையே என்று அவர் அப்போதே எழுதினார்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சியின் 24ஆவது மாநாட்டுக்கான நகல் தீர்மானம் 'நவ பாசிசக் கூறுகள்' என்ற தொடரைப் பயன்படுத்தியது. மோடி அரசைப் பாசிச அரசு என்றோ நவ பாசிச அரசு என்றோ நாங்கள் சொல்லவில்லை என்று அக்கட்சி மாநிலக் குழுக்களுக்கு விளக்கக் குறிப்பும் அனுப்பியது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சிபிஐ (எம்எல்) லிபரேஷனும் இதை வெளிப்படையாக எதிர்த்தன. 2016இலேயே அக்கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத், பாஜக எதேச்சாதிகாரக் கட்சியே தவிர பாசிசக் கட்சி ஆகாது என்று எழுதியிருந்ததையும் பலர் அப்போது நினைவுபடுத்தினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மயிர்பிளக்கும் வாதம். உள்ளே இருப்பவருக்கு இது தேர்தல் உடன்பாட்டுக் கேள்வி. பாசிசம் ஆட்சியில் அமர்ந்துவிட்டது என்றால் கேரளத்தில் காங்கிரசோடு மல்லுக்கட்டுவதற்கு என்ன நியாயம்? அது கூறுகளாக மட்டுமே இருக்கிறது என்றால் இரு முனைகளில் போராட இடமுண்டு. இக்கணக்கு வரையறையைச் செதுக்கியிருக்கிறதா, வரையறையிலிருந்து கணக்கு வந்ததா என்று கேட்டால், இரண்டும் கலந்தே நடந்தன என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். ஆகவே நம்பி சொல்வதுபோல இச்சொல்லை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட இயலாது. யாரோடு சேர வேண்டும் என்பதை இன்றும் அது முடிவு செய்துகொண்டிருக்கிறது.

குறிஞ்சிப்பாடி வாசகர்

மூவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க விரும்புகிறேன். உங்கள் அளவுகோலின்படி ஸ்பெயினின் பிராங்கோவும் போர்ச்சுகலின் சலாசாரும் எங்கே வருவார்கள்? பாசிஸ்டுகள் இல்லை என்று அவர்களை விட்டுவிட்டால், அது அவர்களுக்கு நற்சான்று கொடுப்பதாகிவிடாதா?

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

பிராங்கோ ஒரு ராணுவத் தளபதி. 1937 ஏப்ரலில் அவர் பாசிசக் கட்சியான ஃபலாங்கையும் முடியாட்சிவாத கார்லிஸ்டுகளையும் ஒரே ஆணையில் இணைத்துத் தம் காலடியில் வைத்துக்கொண்டார். முரண்டு பிடித்த ஃபலாங் தலைவர் எதில்லாவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்டது. சீருடையையும் கை உயர்த்தும் வணக்கத்தையும் எடுத்துக்கொண்டார். கட்சிக்குத் தெருவில் இருந்த வேகத்தை அடக்கிவிட்டார். அறிஞர்கள் இன்னும் அவரைப் பற்றி ஒத்த கருத்துக்கு வரவில்லை, வர வேண்டிய அவசரமும் இல்லை. சலாசார் வழக்கு எளிது: கூட்டத்தைத் தெருவில் இறக்குவதே அந்தப் பொருளாதாரப் பேராசிரியருக்குப் பிடிக்காது, 1934இல் உள்நாட்டுப் பாசிஸ்டுகளான தேசிய சிண்டிகலிஸ்டுகளைத் தடை செய்தார். மக்களை வீட்டுக்கு அனுப்பி அமைதியாக ஆள நினைக்கும் சர்வாதிகாரமும், மக்களை ஓயாமல் திரட்டிக்கொண்டே இருக்க வேண்டிய சர்வாதிகாரமும் வேறு வேறு வகைகள்.

இதற்குள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவசரப்பட்டுப் பெயரிடாமல் இருப்பதற்கும் ஒருபோதும் பெயரிடாமல் இருப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் டிரம்ப்மீது இச்சொல்லைச் சுமத்தப் பல ஆண்டுகள் மறுத்துவந்த பாக்ஸ்டன், 2021 ஜனவரி 6 அன்று கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் தம் எதிர்ப்பைக் கைவிட்டதாக எழுதினார். அவர் காத்திருந்தது ஒரு பட்டியலின் கடைசி வரிக்காக அன்று. தேர்தலை ரத்து செய்யத் தலைவரே கூட்டத்தின் வன்முறையை ஊக்குவிக்கும் அந்த ஒரு செயலுக்காக.

நற்சான்று பற்றிய உங்கள் கேள்விதான் முக்கியமானது. துண்டறிக்கை எழுதிய இளைஞருக்கும் அதே கவலைதான் என்று நினைக்கிறேன்: பாசிசம் என்று சொல்லாவிட்டால் கண்டனம் நீர்த்துப்போய்விடும் என்று அஞ்சுகிறார். கொடுமையை அளக்கும் ஏணி ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் உச்சிப்படியில் இச்சொல்லை ஒட்டிவைத்திருப்பதால் வரும் அச்சம் அது. அப்படி ஓர் ஏணியே கிடையாது. ருமேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்புக் காவலர் படை என்ற லெஜியன் இயக்கம், ஐரோப்பாவில் எவரும் ஐயமின்றிப் பாசிசம் என்று ஏற்கும் இயக்கங்களுள் ஒன்று. தளபதி அந்தொனெஸ்கு 1940 செப்டம்பரில் அவர்களோடு சேர்ந்து ஆட்சி அமைத்தார். 1941 ஜனவரியில் அவர்கள் கிளர்ந்து புக்கரெஸ்டில் யூதர்களைக் கொன்று குவித்தபோது, ராணுவத்தை அனுப்பி மூன்றே நாளில் அவ்வியக்கத்தை நசுக்கிவிட்டார். பாசிசத்தை அடக்கிய பழமைவாத ராணுவ ஆட்சி என்று அகராதி முறையில் அவரைச் சொல்லிவிடலாம், அது தவறும் ஆகாது. நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் தலைமையிலான பன்னாட்டு ஆணையம் 2004இல் தந்த அறிக்கையின்படி, அந்த ஆட்சியின் பொறுப்பில் இருந்த பகுதிகளில் கொல்லப்பட்ட அல்லது மடிந்த யூதர்கள் 2,80,000 முதல் 3,80,000 வரை. 1941 அக்டோபரில் ஒடெஸ்ஸாவில் பல்லாயிரம் பேரைச் சில நாட்களுக்குள் சுட்டும் எரித்தும் கொன்ற அந்தப் படையில் லெஜியன் சட்டை போட்டவர்கள் இல்லை. ஒன்பது மாதங்களுக்கு முன் லெஜியனை ஒடுக்கிய அதே ராணுவம்தான் அதைச் செய்தது.